பசைக்கு அடியில் இருந்த வரி

எந்த எண்ணைப் பார்த்தாலும் என் கணவரின் வலது கட்டைவிரல் நகர ஆரம்பித்துவிடும். சுண்டுவிரலின் அடிக் கணுவில் தொடங்கி ஒவ்வொரு கணுவாகத் தொட்டு ஏறி அடுத்த விரலுக்குப் போகும். பேருந்துச் சீட்டு, மருந்துக் கடை ரசீது, மருத்துவமனை டோக்கன், முன்னால் போகும் லாரியின் பின்பக்கம், எதுவானாலும் சரி. கல்யாணமான புதிதில் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து, அவர் விரல் ஓடும்போது நான் வாயைத் திறக்கமாட்டேன். இலக்கங்களைக் கூட்டுகிறார் என்று தெரியவே இரண்டு வருடம் ஆயிற்று.

"மூணால போகுமான்னு பாக்கறேன்" என்றார்.

"போனா?"

"போனா போகுது."

அவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். காலையில் ஒரு இரும்புக் கொக்கி, ஒரு துணி, ஒரு டார்ச், காதில் சொருகிய சாக்பீஸ், கக்கத்தில் நீளமான புத்தகம் இவற்றோடு கிளம்பிவிடுவார். கொக்கியால் மூடியைத் தூக்கி, துணியால் கண்ணாடியைத் துடைத்து, உள்ளே ஓடும் எண்ணைப் படித்து எழுதிவிட்டு, படித்த அடையாளத்துக்கு மூடியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். முப்பத்தொரு வருடம் இதே வேலை. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மீட்டர் வந்தாச்சு" என்பார்கள். நான் மீட்டர் வீட்டம்மா.

மீட்டர்களுக்கு முகத்தில் ஓடும் எண் ஒன்று, பிறக்கும்போதே பொறித்த எண் ஒன்று. இரண்டாவதுதான் அவருக்குப் பிடித்தது. ஓடுவது நாளைக்கு மாறிவிடும், பொறித்தது மாறாது, அதற்கு ஒரு குணம் உண்டு என்பார். அந்தக் குணங்களை அடுப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொல்வார். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் அவர் சொன்னால் புரியும். ஆறை எடுத்துக்கொண்டால், அது ஒன்றாலும் இரண்டாலும் மூன்றாலும் வகுபடும். மூன்றையும் கூட்டினால் மறுபடியும் ஆறு. அது சரியாக நிற்கிற எண். பன்னிரண்டுக்கு அப்படிக் கூட்டினால் பதினாறு வரும். அது கூடின எண். எட்டுக்கு ஏழுதான் வரும். அது குறைந்த எண். சரியாக நிற்பவை ஆறு, இருபத்தெட்டு, நானூற்றுத் தொண்ணூற்றாறு, அதற்குப் பிறகு எட்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. "இவ்வளவு பெரிய ஊர்ல சரியா நிக்கறவங்க நாலு பேர்தான்" என்பார்.

எங்கள் வீட்டு எண் 27. எதிர்வீடு 28. ஒரு சமயம் எதிர்வீடு காலியானபோது அங்கே மாறிவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். போய்ப் பார்த்தேன். குளியலறைக் கூரை ஒழுகியது. வேண்டாம் என்றேன். சரியாக நிற்கிற வீட்டை விட்டுவிட்டுக் குறைந்த வீட்டில் குடியிருக்க வைத்துவிட்டாள் என்று பல வருடம் சொல்லிக் காட்டினார். மழைக்காலத்தில் எதிர்வீட்டுக்காரர் வாளியோடு நிற்பதைப் பார்த்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

குறைந்த எண்களிலேயே பரம ஏழை பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாது. "ஒண்ணைத் தவிர சொந்தபந்தமே கிடையாது. யாரும் உள்ள போக முடியாது, எதுவும் வெளிய வராது" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது எங்கள் மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். "அப்ப நம்ம ஹெட்மாஸ்டர்தான்பா" என்றான். மூவரும் சிரித்தோம்.

அவன் ஒரே பிள்ளை. கணக்கு அவனுக்கு வரவில்லை, இயந்திரம் வந்தது. சரக்குக் கப்பல் ஒன்றில் இயந்திர அறையில் உதவியாளாகச் சேர்ந்தான். இருபத்தேழு வயதில் கல்யாணம். பதினொரு மாதம் கழித்து மூன்றாவது பயணம் போனான். ஒரு துறைமுகத்தில் புறப்பட்ட கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் அதில் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறான், காலையில் வேலைக்கு வரவில்லை. அறையில் செருப்பு இருந்தது. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதற்கு மேல் இன்றுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கப்பல் தொழிலாளர் அலுவலகத்தில் இவர் புகார் எழுதிக் கொடுத்தார். நான்காம் ஜன்னல். உள்ளே இருந்த குமாஸ்தா ஒரு சிறிய அட்டையில் எண்ணை எழுதிக் கொடுத்து, இனிமேல் வரும்போது இதைச் சொன்னால் போதும், கோப்பை எடுத்துவிடுவேன் என்றார். பெயர், ஊர் ஒன்றும் வேண்டியதில்லையாம். அட்டையில் இருந்தது 12544957.

திரும்பி வரும்போது பேருந்தில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கட்டைவிரல் ஓடியது. இறங்கும் இடம் வந்ததும், "முப்பத்தேழு. மூணால போகல" என்றார்.

அதன் பிறகு மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் போவோம். குமாஸ்தா எண்ணைக் கேட்பார், இவர் சொல்வார். கோப்பு வரும், புதிதாக ஒன்றும் இருக்காது. எங்கள் மருமகளும் முதல் வருடம் கூட வந்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பார்த்தாள். திங்கட்கிழமைதான் அங்கே கூட்டம் அதிகம் என்பதால் பிறகு நின்றுவிட்டாள். தாய்வீட்டில் அழைத்தும் அவள் போகவில்லை. எங்களோடே இருந்தாள். இவருக்குக் கண் மங்கியபோது படிக்கும் கண்ணாடி ஒன்றைத் தானே தேய்த்துப் பொருத்திக் கொண்டுவந்தாள். "மாமா, இதப் போட்டா எட்டு எட்டாவே தெரியும், மூணா தெரியாது" என்றாள்.

ஐந்து வருடம் முடிந்த மாதம் குமாஸ்தா கோப்பைத் திறக்காமலே பேசினார். ஐந்து வருடம் தகவல் இல்லையென்றால் கோப்பை மூடிவிடலாம், புகார் கொடுத்த தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும், மூடினால் மனைவிக்கு ஒரு சான்று கொடுப்பார்கள், அந்தச் சான்று இருந்தால்தான் அந்தப் பெண் வேறு கல்யாணம் பதிய முடியும் என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. "அந்தப் பொண்ணுக்கும் வயசு போகுதில்ல சார்" என்றார்.

இவர் எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, குமாஸ்தா சொன்னதை அப்படியே சொன்னார். பிறகு அட்டையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இந்த எண்ண நான் இன்னும் முழுசா பாக்கலம்மா. முழுசா பாக்கறேன். ஏதாவது ஒண்ணால மீதி இல்லாம போச்சுன்னா, நான் இன்னும் காத்திருக்கணும். எதாலயும் போகலன்னா கையெழுத்துப் போட்டுடறேன்."

அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாராவது நினைக்கலாம். அப்படி இல்லை. எண்ணுக்கும் மகனுக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியும். மகன் இல்லை என்ற முடிவைத் தன் வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. குமாஸ்தா சொல்லக் கேட்கவும் முடியவில்லை. வேறு எங்கிருந்தாவது வரட்டும் என்று பார்த்தார். அவர் வாழ்க்கையில் அவரிடம் பொய் சொல்லாதது எண் ஒன்றுதான்.

மருமகள் அட்டையைப் பார்த்தாள். "எத்தன நாளாகும் மாமா?" என்றாள்.

"ஐநூறு சாயங்காலம் ஆகும்."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். நான் அவள் முதுகைப் பார்த்தேன். மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

வேலை முறை இதுதான். ஒரு எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிக்க முடிந்தால், இரண்டில் ஒன்றாவது சிறியதாக இருக்கும். எங்கள் எண்ணுக்கு அந்தச் சிறியது 3541-ஐத் தாண்டாது. ஆகவே அதுவரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்கு முதலில் பகா எண்களின் பட்டியல் வேண்டும். பழைய ரீடிங் தாள்களின் பின்பக்கத்தில், மேலும் கீழும் ஒரு விரல் இடம் விட்டு, வரிக்குப் பத்துக் கட்டமாக இருபத்தாறு வரிகள் போட்டு ஒன்றிலிருந்து எழுதிக்கொண்டே போனார். தாளுக்கு இருநூற்றறுபது எண்கள், மொத்தம் பதினான்கு தாள். கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினோம். அவர் சொல்வார், நான் பென்சிலோடு தவழ்ந்துகொண்டே அடிப்பேன். இரண்டை விட்டுவிட்டு ஒவ்வொரு இரண்டாம் கட்டமும், மூன்றை விட்டுவிட்டு ஒவ்வொரு மூன்றாம் கட்டமும், ஐந்து, ஏழு என்று ஐம்பத்தொன்பது வரை. ஒரு வாரம் ஆயிற்று. முட்டி வீங்கிப்போனது. ஒன்றைத் தவிர, அடிபடாமல் நின்றதெல்லாம் பகா எண்.

அடித்து முடித்த தாள்கள் பறக்காமலிருக்க ஒன்றோடொன்று ஒட்டி உருளையாகச் சுற்றிவைக்கச் சொன்னார். மைதா மாவில் பசை காய்ச்சி நான்தான் ஒட்டினேன். ஒரு தாளின் அடியில் இருக்கும் வெற்றிடத்தை அடுத்த தாளின் தலையில் இருக்கும் வெற்றிடத்தின் மேல் வைத்து அழுத்த வேண்டும். எட்டாவது தாளை ஒன்பதாவதோடு ஒட்டும்போது அடுப்பில் பால் பொங்கும் வாடை வந்தது. அழுத்திவிட்டு ஓடினேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் தொடங்கினார். வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, டீ குடித்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன் ஒரு வகுத்தல். உருளையைக் கொஞ்சம் பிரித்து அடுத்த எண்ணைப் பார்த்து, ஒரு தடிமனான நோட்டில் வரிசை எண் போட்டு வகுத்து, மீதியைச் சிவப்பில் எழுதி, ஈவைத் திரும்பப் பெருக்கிச் சரிபார்த்துவிட்டு, உருளையில் அந்த எண்ணின் மேல் ஒரு புள்ளி வைப்பார். ஒரு நாளைக்கு ஒன்றுதான். இரண்டு செய்தால் தவறு வரும் என்பார். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "கால்குலேட்டர்ல தட்டினா ஒரு பொழுதுல முடிஞ்சிடுமே மீட்டர்" என்றார். இவர் தலையைத் தூக்காமலே, "உங்க வீட்டு மீட்டரையும் பன்னெண்டு மாசத்துக்கு ஒரே நாள்ல எடுத்துடட்டுமா?" என்றார்.

நான் காய் நறுக்கிக்கொண்டே எதிரே உட்கார்ந்திருப்பேன். மேலிருந்து ஒவ்வொரு இலக்கமாக இறங்கிவருவதைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்தே நீண்ட வகுத்தல் எனக்குப் படிந்துவிட்டது. அவருக்கு அது தெரியாது. தலைகீழாகப் படித்த கணக்கு.

அவருடைய பகா எண்கள் ஒரே சீராக வருவதில்லை. சில சமயம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரும். அன்று, "இரட்டப் புள்ளைங்க" என்பார். சில சமயம் வரவே வராது. 1327-க்குப் பிறகு 1361 வரை ஒன்றுமில்லை. அந்த இடத்துக்கு வறட்சி என்று பெயர் வைத்தார். பிறகு 2069-லிருந்து 2099-க்குத் தாவ வேண்டியிருந்தபோது, "இங்க ஒரு வறட்சி, ஆனா சின்னது" என்று சொல்லிவிட்டு எழுதினார். நான் காயை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒன்றரை வருடத்தில் நான் வேறொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்து வர ஆரம்பித்தாள். ஒரு மழைநாளில் எங்கள் வீட்டில் இல்லாத ஒரு குடையோடு வந்து, அதை வெளியிலேயே உதறி மடித்து, மறுநாள் மறக்காமல் எடுத்துப்போனாள். கடைக்கு லென்ஸ் கொண்டுவரும் வண்டிக்காரர் ஒருவரைப் பற்றி முன்பெல்லாம் எப்போதாவது ஏதாவது சொல்வாள். இப்போது சொல்வதே இல்லை. அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. ஒரு நாள் சந்தைக்குப் போன இடத்தில் தூரத்திலிருந்து அவர்களைப் பார்த்தேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி நின்று பேசினார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். என் மகன் நிற்கிற இடம் அது என்று எனக்குத் தோன்றியது. வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. அவளும் ஒரு நாள்கூட மாமாவிடம், எதுவரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பென்சில் சீவிவைப்பாள், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் 3541-ஆல் வகுத்தார். மீதி வந்தது. திரும்பப் பெருக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நோட்டில் வரிசை எண் 492.

"பகா எண்" என்றார். எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. "திங்கக்கிழம போகலாம்."

மருமகள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வரவில்லை. அன்று இவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். ஆறரை வருடத்தில் முதல் தடவையாகப் படுத்ததும் தூங்கினார்.

மறுநாள் காலை அவர் ரீடிங் எடுக்கப் போன பிறகு, உருளையைப் பீரோ மேல் எடுத்துவைக்கலாம் என்று தூக்கினேன். நடுவில் ஒரு ஒட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மைதாப் பசையென்றால் பூச்சிக்கு விருந்து. எட்டாவது தாளின் அடிப்பாகம் தூக்கிக்கொண்டு நிற்க, அதற்குக் கீழே ஒன்பதாவது தாளின் தலையில் ஒரு வரி தெரிந்தது. 2081-லிருந்து 2090 வரை. பத்துக் கட்டங்களில் ஆறு அடிபட்டிருந்தன. நான்கு அடிபடாமல் நின்றன. 2081, 2083, 2087, 2089. ஒன்றின் மேலும் அவர் வைக்கும் புள்ளி இல்லை.

பால் பொங்கின நாள் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

முதலில் அவர் வரட்டும், சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான்கு எண்கள்தானே, நான்கு நாளில் முடிந்துவிடும். பிறகு, ஒன்றும் வகுபடாது, அவருக்கு எதற்கு இன்னொரு அலைச்சல், நானே பார்த்துவிட்டால் போகிறது என்று தோன்றியது. அவருடைய சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். நேராக எழுதிப் பழக்கமில்லை. 2081-க்கு அரைமணி நேரம் ஆயிற்று. மீதி 689. 2083-க்கு மீதி 1131. அப்பாடா என்றிருந்தது.

மூன்றாவது 2087. முதல் ஐந்து இலக்கங்களில் ஆறு தடவை போயிற்று, மீதி 22. ஒன்பதை இறக்கினேன், போகவில்லை, சைபர். ஐந்தை இறக்கினேன், 2295, ஒரு தடவை. மீதி 208. கடைசியாக ஏழை இறக்கி எழுதிவிட்டுப் பார்த்தேன். தரையில் 2087 என்று இருந்தது. அதே எண் கீழே வந்து நின்றது. ஒரு தடவை. மீதி ஒன்றுமில்லை.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்கமாட்டேன். செருப்புச் சத்தம் கேட்டதுபோல வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவன் குரலில் அம்மா என்று யாரோ கூப்பிடப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு வாசலில் நிஜமாகவே செருப்புச் சத்தம் கேட்டது. மருமகள். சனிக்கிழமை அவளுக்கு அரைநாள்.

ஈரத் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன்.

"இப்பதான் தொடச்சீங்களா அத்தை?"

"ஆமா. கால் வைக்காத."

அவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். லென்ஸ் தேய்த்த வெள்ளைத் தூள் அவள் நகக் கண்ணில் இருந்தது. முப்பது வயது. எங்கள் வீட்டுக்கு வரும்போது இருந்த முகம் எனக்குத் தெரியும். நின்றபடியே கொஞ்ச நேரம் ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, திங்கக்கிழமக்குள்ள மாமா மனசு மாறிடுவாரா?"

ஆறரை வருடத்தில் தனக்காக அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கேட்டதற்காகவே வெட்கப்பட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாற மாட்டார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகு, மாவைக் கரைத்துப் பசை காய்ச்சினேன். பூச்சி வராமலிருக்க அதில் கொஞ்சம் துத்தம் போட்டேன். அந்த வரியின் மேல் தடவி, எட்டாவது தாளை இழுத்து வைத்து, அம்மிக் குழவியைப் பாரமாக ஏற்றிவைத்தேன். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மூவரும் போனோம். நான்காம் ஜன்னல். குமாஸ்தா வழக்கம்போல எண்ணைக் கேட்டார். இவர் எப்போதும் மடமடவென்று சொல்வார். அன்று ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். தாளை நீட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் கட்டைவிரலைப் பார்த்தேன். அசையவில்லை. குமாஸ்தா அட்டையைத் திருப்பிக் கேட்டார். இவர் சட்டைப்பையில் கையை வைத்துக்கொண்டு, "இது இருக்கட்டுமே" என்றார். குமாஸ்தா வற்புறுத்தவில்லை.

வெளியே வந்ததும் மருமகள் அவர் காலில் விழப்போனாள். இவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "நான் என்னம்மா பண்ணேன். அது அப்படி இருந்துச்சு. நான் பாத்தேன், அவ்வளவுதான்."

அடுத்த வருடம் அவளுக்கும் லென்ஸ்காரருக்கும் கல்யாணம் பதிவானது. சாட்சிக் கையெழுத்து இவருடையது. அதற்கும் இரண்டு மாதம் கழித்து இவர் படுத்தார். நுரையீரலில் நீர். மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு எண் எழுதியிருந்தது. எனக்குக்கூட விரல் துறுதுறுத்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அவர் எந்த எண்ணையும் அப்படிப் பார்த்து நான் காணவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேசினார்.

"இன்னொருத்தர் ஒரு தடவ பாத்திருக்கணும். தனி ஆளா பாத்தா தப்பு வரும்."

"நீங்க பாத்தா போதும்" என்றேன்.

"நானூத்தித் தொண்ணூத்திரெண்டு" என்றார். "ஏதாவது விட்டுருப்பேனா?"

அவர் கை என் கையில் இருந்தது. இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தேன். மருமகளுக்கு இனி ஒன்றும் ஆகாது. அவருக்குத்தான் ஆகும். அவன் வருவான் என்று எழுந்து உட்காருவார். இல்லையென்றால் காத்திருக்க வேண்டியவனைக் கையெழுத்துப் போட்டுக் கொன்றுவிட்டேன் என்பார். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்க ஒண்ணும் விடல" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அவர் விடவில்லை என்பது உண்மைதான். விட்டது நான். காரியங்கள் முடிந்த பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். 492 வகுத்தல்கள், ஒன்றில்கூடப் பிழை இருக்காது. பசைக்கு அடியில் இருக்கும் நான்கையும் சேர்த்தால் நானூற்றுத் தொண்ணூற்றாறு. சரியாக நிற்கிற எண். அவர் இருந்தால் அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். அடுப்படியில் உட்கார்ந்து அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. மருமகள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, இரண்டாவது படிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்துவிட்டுப் போவார்கள். லென்ஸ்காரர் எனக்கும் ஒரு கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறார். நான் 27-ஆம் எண் வீட்டிலேயே இருக்கிறேன். உருளையும் நோட்டும் அட்டையும் பீரோ மேல் இருக்கின்றன. நான் ஒட்டின பசை பிரியவில்லை. கோப்பு மூடப்பட்டுவிட்டது. 12544957 பகா எண் இல்லை. 2087-ஐ 6011-ஆல் பெருக்கினால் அது வரும். மகன் இன்றுவரை வரவில்லை.